வெட்டினாராம், வெட்டினார்: நாவிதன்வெளியில் வாய்மொழி வரலாறு தேடிய அனுபவம்

கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பைக் கடந்து நாவிதன்வெளிக்குப் போகிறவர்களுக்குக் கிட்டங்கித் தாம்போதியைத் தெரியாமல் இருக்காது. மாரி மழை பிடித்துக்கொண்டால் வெள்ளம் அதற்கு மேலால் பாயும். பாடசாலைக்குப் போகிற ஆசிரியரும், பிரதேச செயலகத்துக்குப் போகிற உத்தியோகத்தரும், வயலுக்குப் போகிற கமக்காரரும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நிற்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வழியால் வரலாறு படிப்பிக்கப் போய் வந்தவன் நான். படிப்பித்த வரலாறு அநுராதபுரத்தில் தொடங்கி கண்டியில் முடியும். தாம்போதிக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கிற சனத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

ஒரு மார்கழி மாதத்தில் தாம்போதிக் கரையில் தண்ணீர் வடியக் காத்து நின்றபோது, பக்கத்துத் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கண்டு கேட்டார்:

"தம்பி, நீங்கதானே அந்தப் புத்தகத்தில எழுதினது? எங்கட அப்பாவும் அந்தக் காட்டிலதான் நிண்டவர். அவர்ர பேர் எங்க?"

கோபத்தில் கேட்கவில்லை. விசாரிக்கிற குரல்தான். எனக்கோ மறுமொழி வரவில்லை. 'அந்தப் புத்தகம்' எது என்பதைச் சொன்னால்தான் இக்கட்டுரையில் நான் சொல்லவரும் விஷயம் விளங்கும்.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலை ஒரு நினைவு மலர் வெளியிட்டது. 'எமது கிராமம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுத்தில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்து, நம்முடைய ஊர் மூத்தவர்கள் மூவரிடம் கதைத்துக் கசட்டில் பதிந்தேன். அதை வைத்து, இன்ன வட்டையின் காட்டை முதன்முதல் வெட்டிக் களனியாக்கியவர் இன்னார், இன்ன காலத்தில், என்று எழுதினேன். மலர் அச்சானது, விழா நடந்தது, பாராட்டினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் ஒரு காணி விசாரணையில் போட்டோக் கொப்பியாக வந்து நின்றது. நான் எழுதிய வசனத்தின் கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தார்கள். அச்சில் வந்ததாம், ஆசிரியர் எழுதியதாம், ஆகவே அத்தாட்சியாம்.

மூதாட்டி கேட்ட அன்று இரவு பழைய கசட்டைத் தேடி எடுத்துப் போட்டுக் கேட்டேன். அந்த மூத்தவர் சொல்லியிருந்தது இதுதான்: "எங்கட மூத்தாப்பாட வாப்பாதான் அந்தக் காட்ட வெட்டினாராம். வேற ஆக்களும் நிண்டாங்களாம், நமக்கு அவங்கட பேர் தெரியா."

நான் எழுதியது: 'வெட்டினார்.'

'ஆம்' போய்விட்டது. அதோடு 'வேற ஆக்களும்' போய்விட்டார்கள். பொய் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பேச்சுத் தமிழைத் திருத்திய தமிழாக்குகிறேன் என்றுதான் செய்தேன். 'வெட்டினாராம்' என்று அச்சில் போட்டால் கட்டுரை கிழவிக்கதை போல இருக்கும் என்று ஒரு வெட்கம். உண்மையில் அந்தப் பெரியவர் மிகவும் கவனமாகத்தான் பேசியிருக்கிறார். தான் காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை, தெரியாததைத் தெரியும் என்றும் சொல்லவில்லை. கவனம் தப்பியது எழுதப் படித்த எனக்கு.

நம்முடைய மொழியில் இந்த 'ஆம்' ஒரு பெரிய பாக்கியம். 'மழை பெய்தது' என்றால் சொல்கிறவர் பொறுப்பு. 'மழை பெய்ததாம்' என்றால் சொல்கிறவருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வேறு சொல் சேர்க்கவேண்டியிருக்கும். படிக்காத மனிதரும் இந்த வேறுபாட்டை ஒரு நாளைக்கு நூறு தடவை பிழையில்லாமல் கையாளுகிறார். அதை எழுத்துக்கு மாற்றும்போது முதலில் வெட்டி எறிகிறவர்கள் நாம். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதிலே நமக்குத்தான் கூடுதல் வெட்கம் இருக்கவேண்டும். செய்தியையும் அதைக் கொண்டுவந்தவரையும் பிரித்துப் பார்க்கிற கலையை ஒரு தனி இல்மாகவே வளர்த்த சமுதாயம் நம்முடையது. ஹதீஸில் மத்ன் என்கிற செய்தி ஒரு பக்கம், சனத் என்கிற அறிவிப்பாளர் தொடர் மறு பக்கம். 'ஹத்தஸனா', அதாவது 'எமக்கு அறிவித்தார்' என்று சொல்லி ஒருவர் அறிவிப்பதற்கும், வெறுமனே 'அன்', அதாவது 'இன்னாரிடமிருந்து' என்று அறிவிப்பதற்கும் உள்ள பெறுமதி வேறு. முன்னதில் நேரடியாகக் கேட்டது தெளிவு. பின்னதில் இடையில் யாரும் விடுபட்டிருக்கலாம் என்பதால் அதை முஅன்அன் என்று தனியாகப் பெயரிட்டு ஆராய்ந்தார்கள். இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்ததும் சந்தித்திருக்கக்கூடியதும் போதும் என்று இமாம் முஸ்லிம் (றஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையில் வாதிட்டார். சந்தித்தது நிரூபிக்கப்படவேண்டும் என்பது இமாம் புகாரி (றஹ்) அவர்களின் நிபந்தனையாகச் சொல்லப்படுகிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு நுணுக்கமாகச் சண்டை பிடித்தவர்களின் வாரிசு, நாவிதன்வெளியில் ஒரு 'ஆம்' கூடக் காப்பாற்றவில்லை!

ஹதீஸ் கலையின் தராதரத்தை ஊர்க்கதைக்கு வைத்துப் பார்க்கக்கூடாது என்று ஒரு மௌலவி நண்பர் என்னிடம் சொன்னார். அது சரிதான். மார்க்கத்துக்கு ஆதாரமாகும் செய்திக்கு வேண்டிய இறுக்கம் வயல் வெட்டிய கதைக்குத் தேவையில்லை. 'ளயீப்' என்று ஒரு மூதாட்டியின் நினைவைத் தூக்கி எறியவும் முடியாது. நான் எடுத்துக்கொண்டது தீர்ப்பை அல்ல, கேள்வியை. உங்களுக்கு யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? அவரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? அப்போது உங்களுக்கு என்ன வயது? எங்கே நின்றீர்கள்?

செய்தியின் உள்ளடக்கத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இப்னு கல்தூன் இருக்கிறார். 1377இல் எழுதிய முகத்திமாவில் அவர் காட்டும் உதாரணம் பிரசித்தமானது. மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியதை எடுத்து, அத்தனை பேர் ஒரு களத்தில் எப்படி நிற்பார்கள், ஒரு முனையில் நடப்பது மறு முனைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். ஊரின் நிலமும் சனமும் தாங்கக்கூடிய செய்திதானா என்று கேட்கிற அந்தக் கேள்வி, 'எங்கட போடியார்ர களவெட்டியில ஆயிரம் சோடி மாடு சூடு மிதிச்ச' என்று கேட்கும்போது மிகவும் உதவும்.

நமது பாடநூலில் 'மூலாதாரங்கள்' என்று ஒரு பாடம் வரும். இலக்கிய மூலாதாரம், தொல்லியல் மூலாதாரம் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். மகாவம்சம் ஒன்றில், கல்வெட்டும் நாணயமும் மற்றதில். இந்த இரண்டும் ஏழை எளியவரின் ஊருக்குப் பெரிதாக ஒன்றும் தருவதில்லை. இருந்த கொஞ்சக் காகிதமும் நம்முடைய கரையோரத்தில் நிலைக்கவில்லை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் கூரையோடு போனது ஒரு பங்கு. எண்பத்தைந்திலும் தொண்ணூறிலும் இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவிட்டு ஓடியது ஒரு பங்கு. 2004 டிசம்பர் 26இல் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் றங்குப் பெட்டியோடு கடல் கொண்டுபோனது மிச்சம். 1990 அக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்களின் கதையும் இதுவே. அவர்களைப் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தபோது அது நின்றது மனிதர்களின் வாய்ச்சொல்லின் மேல்தான். வேறு எதன்மேல் நிற்கும்?

எனவே வாய்மொழியை விட்டால் நமக்கு வழியில்லை. அதை எப்படிக் கேட்பது என்பதுதான் பிரச்சினை.

தாம்போதிச் சம்பவத்துக்குப் பிறகு பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு திரும்பவும் தொடங்கினேன். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் ஒரு செயற்றிட்டம் வேண்டும், அதை இதற்குப் பயன்படுத்தினோம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு தாள். அதில் மூன்று நிரல்: கண்டது, கேட்டது, எல்லாரும் சொல்வது. மூன்றாவது நிரல் முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டது. ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுவரச் சொன்னால், நாவிதனுக்கு மானியமாக விட்ட வெளி என்பதில் தொடங்கி ஆளுக்கொரு கதை கொண்டுவந்தார்கள். நாவிதர், வண்ணார் போன்ற தொழில் செய்வோருக்குக் களவெட்டியில் பங்கு கொடுத்த வழக்கமும், நம்மவரிடையே ஒஸ்தாமாருக்குக் கொடுத்த வழக்கமும் இக்கரையோரம் முழுக்க இருந்ததுதான். ஆனால் 'யார் சொன்னது' என்று பின்னால் போனால், பெரும்பாலான கதை இரண்டாம் ஆளுக்கு அப்பால் நகரவில்லை. பேரைக் கேட்டு, பேரை உடைத்து, அதிலிருந்து கதையைக் கட்டியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது ஏமாற்றம். எனக்கு அது நல்ல பாடமாகப் பட்டது.

வயதைக் கண்டுபிடிப்பது பெரிய விளையாட்டாகப் போனது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருஷம். அதைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி வந்து சொன்னாள்: "சேர், இவருக்கு அம்பத்திரண்டு எண்டு கிடக்கு. இங்கினியாகல அணைக்கட்டுல வெள்ளைக்காரன் மிசின் வேல செஞ்சத கண்ட எண்டு சொல்றாரு." மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணைக்கட்டு வேலையைத் தொடங்கியது 1949இல். பிறக்காத ஆள் எப்படிக் காண்பார்? பிள்ளைகள் சிரித்தார்கள். 'முன்கதிஃ!' என்று கத்தினான் மத்ரஸாவுக்குப் போகிற ஒருவன். திரும்பிப் போய்க் கேட்டபோது பெரியவரும் சிரித்தார். அவருடைய பிறப்பு பதியப்படவில்லை. பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தபோது, வேலைக்குச் சேர்வதற்கு வசதியாக நாலைந்து வயதைக் குறைத்துப் போட்டார்களாம். ஆக, காகிதம்தான் பிழை, வாய்ச்சொல் சரியாக இருக்க இடமுண்டு. காகிதம் இருந்தால் அது உண்மை என்ற நம்பிக்கை அந்த வகுப்பில் அன்றோடு கொஞ்சம் ஆடிப்போனது.

கல்லோயாத் திட்டத்தைப் பற்றிச் சேர்ந்த பதிவுகள்தான் மிகவும் அடர்த்தியானவை. பட்டிப்பளை ஆறு என்று நம் மூத்தவர்கள் சொல்லிவந்த ஆற்றை மறித்து சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது, இடதுகரை வாய்க்கால் வந்தது, கொலனிகள் இலக்கம் இட்டுப் பிரிக்கப்பட்டன. இன்றைக்கும் ஊர்ப் பெயர் கேட்டால் நாலாம் கொலனி, ஆறாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி என்றுதான் சனம் சொல்லும். அபிவிருத்திச் சபையின் எழுத்தில் இது 1949இல் தொடங்குகிற கதை. அதற்கு முன் இங்கே காடு, பிறகு குடியேற்றம். ஆனால் நம் மூத்தவர்களின் வாயில் அதற்கு முன்பும் வட்டைகள் இருந்தன, வட்டை விதானைமார் இருந்தார்கள், கரையிலிருந்து மாட்டு வண்டில் கட்டி வந்து வாடி அடித்து மாரி முழுக்கத் தங்கி வெள்ளாமை செய்தார்கள். போடியார் முஸ்லிமாக இருப்பார், முல்லைக்காரன் தமிழனாக இருப்பான், மாறியும் இருக்கும். காடு வெட்டியதில் எல்லார் கையும் உண்டு. இதைத்தான் நான் நினைவு மலரில் ஒரு பெயருக்குள் அடக்கியிருந்தேன்.

ஒரு பெரியவரின் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கல்முனைக்குடியிலிருந்து அவருடைய வாப்பாவுக்குக் கொலனியில் காணி கிடைத்து, ஏழெட்டு வயதுப் பையனாக வந்தவர். அவர் சொன்ன வரிசை இது: "முதல்ல பெரிய வெள்ளம் வந்த. வெள்ளாம எல்லாம் போன. அதுக்குப் பொறகு கல்லோயாவில அடிபிடி எண்டு கத வந்து, எல்லாரும் பயந்து கரைக்கு வந்த நாங்க."

கல்லோயாக் கலவரம் 1956 ஜூனில் நடந்தது, தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவரப்பட்ட அதே மாதத்தில். பெரிய வெள்ளம் 1957 டிசம்பரில். அவர் மாற்றிச் சொல்கிறார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வேறு வேறு பிள்ளைகள் கேட்டபோதும் அதே வரிசை. 'நினைவு பிழை' என்று தாளில் குறித்துவிட்டுப் போக ஒரு மாணவன் ஆயத்தமானான்.

இத்தாலியில் அலெஸாந்த்ரோ போர்ட்டெலி என்ற ஆய்வாளர் இதே போன்ற ஒரு பிழையிலிருந்துதான் பெயர்பெற்ற ஒரு கட்டுரையை எழுதினார். தெர்னி என்ற உருக்காலை நகரத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில் பொலிஸாரால் கொல்லப்பட்டான். நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தது. பல வருஷம் கழித்து அவ்வூர்த் தொழிலாளரைக் கேட்டால், பலர் அது 1953இல், ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வேலைநீக்கியபோது நடந்த தெருச் சண்டையில் என்று சொன்னார்கள். போர்ட்டெலி அதை மறதி என்று தள்ளவில்லை. தங்கள் தோழனின் சாவு தங்கள் வாழ்க்கையில் பெரியதாக இருந்த போராட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று அச்சனம் விரும்பியிருக்கிறது என்று காட்டினார். நடந்தது என்ன என்பதற்குப் பத்திரிகை இருக்கிறது. நடந்தது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு அந்தப் பிழைதான் ஆதாரம்.

நாங்களும் பெரியவரிடம் திரும்பிப் போனோம். வருஷத்தைக் கேட்கவில்லை. வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அடிபிடி என்று கேட்டுக் கரைக்கு வந்தவர்கள், சில கிழமையில் திரும்பிப் போய் மாரிக்கு விதைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வந்தபோதுதான் போகாமல் நின்றுவிட்டார்கள். வாப்பா கடையில் கூலிக்கு நின்றார், இவர் பள்ளிக்கூடம் போகவில்லை. குடும்பம் முறிந்தது வெள்ளத்தில்தான். ஆனால் அவர் பெரிய ஆளான பிறகு, எண்பத்தைந்திலும் தொண்ணூறிலும் இடம்பெயர்ந்தது பயத்தால். ஆகவே 'ஊரைவிட்டு வருதல்' என்றால் பயம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. முந்திய வருகையையும் அந்தப் பயத்தின் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தார்கள். பரீட்சைக்கு ஒரு புள்ளியும் வராது. வரலாறு என்றால் என்னவென்று அவர்களுக்கு அங்கேதான் விளங்கியது என்று நினைக்கிறேன், எனக்கும் தான்.

இன்னொரு பிழை என் பக்கத்தில் இருந்தது. நினைவு மலருக்குக் கேட்ட மூவரும் ஆண்கள். மரைக்காயர், பழைய விதானை, போடியாரின் மகன். ஊர் வரலாறு என்றால் அவர்களைத்தான் கேட்பது என்று யாரும் சொல்லாமலே நமக்குள் இருக்கிறது. ஆயிஷா (றழி) அவர்களிடமிருந்து எத்தனை செய்தியைப் பெற்ற உம்மத் நாம் என்பது அந்த நேரம் ஞாபகம் வருவதில்லை. இக்கரையோரத்தில் அது இரட்டைத் தவறு. நம் முறைப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். குடியும் தாய்வழிதான், தமிழரிடமும் நம்மிடமும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டு ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் ஒரு ஊரில் பிறந்து, அதே வளவில் வாழ்ந்து, அங்கேயே மூத்தவர் ஆகிறவர் பெண். ஆண் பெரும்பாலும் வேறு ஊர் அல்லது வேறு தெருவில் இருந்து வந்தவர். ஒரு தெருவின் அறுபது வருஷத்தைக் கேட்கவேண்டுமானால் மூத்தம்மாவிடம் அல்லவா போகவேண்டும்?

கொலனியில் இந்த ஒழுங்கு தலைகீழானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட் குடும்பத் தலைவரான ஆணின் பெயரில் வந்தது. பின்னுரித்துக்குப் பெரும்பாலும் ஒருவரையே குறித்தார்கள். பெயர் குறிக்காமல் இறந்தால் அன்றைய அட்டவணைப்படி மகளுக்கு முன் மகன், இளையவனுக்கு முன் மூத்தவன் என்று இருந்தது. பதிவேட்டைப் பார்த்தால் 'இன்னாருக்கு இத்தனை ஏக்கர் வயல், இத்தனை ஏக்கர் மேட்டுநிலம்' என்று ஒரு வெற்றிக் கதை இருக்கும். அதே வீட்டின் மூத்தம்மா ஒருவர் பிள்ளைகளிடம் சொன்னது இது: "காணி அவருக்கு வந்த. நான் எங்கும்மா தந்த ஊட்ட உட்டுட்டு வந்த. ஆன அடிக்கிற காட்டுக்குள்ள ஓலக் குடிலுக்கு வந்த. என்ட ரெண்டு பொம்புளப் புள்ளைக்கும் நான் என்னத்தக் குடுக்கிற?" இந்தக் கேள்வி எந்தக் கந்தோரின் கோவையிலும் இருக்காது.

பழங்கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று திமிலரைத் துரத்தினார்கள், அதற்கு நன்றியாகப் பெண் கொடுத்து உறவாக்கினார்கள் என்ற கதை மட்டக்களப்பிலிருந்து இங்கே வரை எல்லா ஊரிலும் உண்டு. யாரும் கண்டதல்ல, யாரைக் கண்டவரையும் கண்டதல்ல. யான் வன்சினா 1961இல் ஆபிரிக்க மக்களின் வாய்மொழி மரபைப் பற்றி எழுதியபோது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் மரபையும் கண்டவர் சொல்லும் சாட்சியத்தையும் பிரித்தது இதற்காகத்தான். அக்கதையை வகுப்பில் சொல்வேன். எந்த வருஷம் என்று மட்டும் கேட்கமாட்டேன். தமிழர் ஊரில் சொல்லும்போது எதை அழுத்துகிறார்கள், நம் ஊரில் எதை அழுத்துகிறார்கள் என்று கேட்பேன்.

கேட்கக்கூடாதவையும் உண்டு. தொண்ணூறில் வீட்டுக்குள் நடந்ததைப் பிள்ளைகள் கேட்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தேன். பெரியவர்கள் தாங்களாகத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு, பதியவா என்று கேட்கவேண்டும். 'வேணாம் மகன், சும்மா கேளு' என்று சொன்னவர்கள் பலர். அந்தக் கதைகள் எங்கள் தாள்களில் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. அவற்றைக் கேட்கப் பயிற்சியும் பொறுமையும் உள்ள பெரியவர்கள் வேண்டும், பதினைந்து வயதுப் பிள்ளையும் புள்ளியும் அல்ல.

யார் கேட்கிறார் என்பதாலும் பதில் மாறும். தொப்பி போட்ட நான் போய்த் தமிழ்க் கிராமத்தில் கேட்டால், 'நாம எல்லாரும் ஒண்டாத்தானே இருந்தம்' என்று தேநீரோடு மரியாதையான பதில் வரும். அதே வீட்டுக்கு ஒரு தமிழ் ஆசிரிய நண்பர் போனபோது வந்த பதிலில் எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குச் சொல்லாத இரண்டு மூன்று விஷயம் இருந்தது. அவர் நம் ஊரில் கேட்டபோதும் அப்படித்தான். இரண்டு பதிவையும் ஒன்றுக்கு அருகில் ஒன்றாக வைத்தோம். எதையும் மற்றதற்குள் கரைக்கவில்லை. காணித் தகராறு இருக்கிற ஊரில் இதைச் செய்யாமல் வாய்மொழி வரலாறு சேர்ப்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதிய உறுதி எழுதிக் கொடுப்பதாகவே முடியும். நான் ஒரு தடவை எழுதிக் கொடுத்தவன், அதனால் சொல்கிறேன்.

எழுதும்போது பேச்சை அப்படியே எழுதவேண்டும் என்பது எங்களின் கடைசிக் கட்டுப்பாடு. 'ஆம்' இருந்தால் 'ஆம்' இருக்கவேண்டும். 'நமக்குத் தெரியா' என்று சொன்னால் அதுவும் இருக்கவேண்டும். தமிழ்ப் பாட ஆசிரியை ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளின் எழுத்து கெட்டுப்போகும் என்றார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. பிள்ளைகள் முகவுரையைத் திருத்தமான தமிழிலும், சொன்னவரின் வார்த்தையைச் சொன்னபடியும் எழுதினார்கள். இரண்டு தமிழையும் வேறுபடுத்தி எழுதப் பழகியவர்களுக்கு இலக்கணம் கூடுதலாகத்தான் விளங்கியது.

தாம்போதியில் கேட்ட மூதாட்டியிடம் போக எனக்கு நாலு மாதம் எடுத்தது. ஒரு மாணவனையும் கூட்டிக்கொண்டு போனேன். மலரில் வந்தது பிழை என்று முதலில் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, கதிரையை இழுத்துப் போட்டார். தகப்பன் காடு வெட்டியதைத் தான் காணவில்லை என்றார். அப்போது தான் பிறக்கவில்லை. தாய் சொன்னதாம். ஆனால் அதே வட்டையில் தகப்பன் சூடு அடித்ததையும், பொலி தூற்றியதையும், எங்கள் பெரியவரின் மூத்தாப்பாவோடு ஒரே வாடியில் இருந்து சோறு தின்றதையும் கண்டிருக்கிறார். ஏழு வயது. வாடியின் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்றும் சொன்னார். மாணவன் முதலாவதை 'கேட்டது' நிரலிலும் மற்றதை 'கண்டது' நிரலிலும் எழுதினான்.

"எழுதிட்டியா மகன்?"

"ஓம் ஆச்சி."

"வாசி, பாப்பம்."

அவன் அவருடைய தகப்பனின் பெயரை வாசித்தான். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அவர் திருத்தினார், அவன் வெட்டிவிட்டுத் திரும்பவும் எழுதினான்.